வரைபடத்தில் மட்டும் இருந்த தண்ணீர்

ஓய்வு பெற்றவர்களிடம் எதையாவது எழுதித் தரும்படி கேட்பது ஒரு மரியாதை என்று உங்களுக்கு யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். கேட்டுவிட்டீர்கள், இனி அனுபவியுங்கள். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொல்லியல், மண்ணியல் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஒரு குழு வைத்திருக்கிறீர்களாம். அதில் போடுவதற்கு நான் "இன்ஸ்பயரிங்காக" ஏதாவது தமிழில் எழுத வேண்டுமாம். உங்களில் பாதிப் பேர் இதைக் கைபேசியில் மொழிபெயர்த்துத்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மொழிபெயர்ப்பில் நான் கொஞ்சம் அன்பானவளாகத் தெரிவேன், அதுவும் நல்லதுதான்.

என் வேலை என்ன என்பது மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. தோட்டத்து ரோசாச்செடி வாடினால் என்னிடம் வந்து மண்ணைக் காட்டுவார். நான் பார்த்த மண் வேறு. நாங்கள் மனிதராவதற்கு முன்னால் இருந்த மூதாதையர், ஆபிரிக்காவின் காய்ந்த நிலங்களில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று ஆராயும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அவர்களின் கல்லாயுதம் கிடந்த மண் அந்தக் காலத்தில் ஏரியின் அடியா, ஓடைக் கரையா, காற்று கொண்டுவந்த தூசியா என்று சொல்வது என் பொறுப்பு. அதைச் சொல்ல, இன்றைக்குக் காய்ந்து கிடக்கும் ஏரிகளின் மண்ணை எடுத்து ஒப்பிட வேண்டும். காய்ந்த ஏரிகளுக்கு அவுஸ்திரேலியாவில் பஞ்சமில்லை என்பதால் எனக்கு முப்பது வருடம் சம்பளம் கிடைத்தது.

முதலில் ஒரு சின்னக் கதை. சிட்னியில் ஒரு காட்சிச்சாலை, பெயர் எதற்கு, வறண்ட நிலத்து ஆதி மனிதனைப் பற்றி ஒரு காட்சி வைக்கப்போவதாகச் சொல்லிப் பரமட்டாவில் ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்தது. வெப்பத்தைப் பற்றிப் பேசக் கூடிய அந்த அறையில் குளிரூட்டியைப் போட்ட போடில் நான் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். சிலையின் மாதிரிப் படத்தைத் திரையில் போட்டார்கள். உச்சி வெயில், மொட்டைப் பாறை, அதன் மேல் ஒருவன் தனியாக நிற்கிறான். கையில் கல், கண் தொலைதூரத்தில், மார்பு விரிந்திருக்கிறது. தேர்தலில் நிற்பவன் போல இருந்தான்.

"இந்த நேரத்தில் இவன் அங்கே ஏறி நின்று என்ன செய்கிறான்?" என்று கேட்டேன். வாழ்வுக்காகப் போராடுகிறான் என்றார் வடிவமைப்பாளர். போராடவில்லை, சாகப் போகிறான் என்றேன் நான். கீழே கொண்டுவந்து மரத்தடியில் இருத்துங்கள், பக்கத்தில் பெண்களும் பிள்ளைகளுமாக நாலைந்து பேரை இருத்துங்கள், வெயில் சாயும்வரை அத்தனை பேரும் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கட்டும், உண்மையில் அவர்கள் தப்பியது அப்படித்தான் என்று விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சும்மா இருப்பவர்களைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்கள் என்று ஒருவர் கவலையாகக் கேட்டார். காட்சி திறந்த அன்று போய்ப் பார்த்தேன், அவன் பாறை மேலேயே நின்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, அவர்களாவது படம் போடுகிறவர்கள், தெரியாமல் செய்தார்கள். இனிச் சொல்லப்போவது தெரிந்தவர்களின் கதை.

என் மேலதிகாரியாக இருந்த பேராசிரியர் சென்னைக்காரர். பெயர் சொல்ல மாட்டேன், உங்கள் பாடப்புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்கவும் முயல வேண்டாம். அந்தப் பாறை வீரனை உடைத்துப் போட்ட ஆட்களில் அவர் முக்கியமானவர். காய்ந்த நிலத்தில் நம் மூதாதையர் புதுப்புது இடம் தேடி வீரமாக அலையவில்லை, தெரிந்த நீரிடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள், தலைமுறை தலைமுறையாக ஒரே ஓடை வளைவில் கல்லுடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது அவருடைய வாதம். அதை அவர் சொல்லும் அழகில் சொல்ல இன்னொருவர் இல்லை. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. சிட்னியில் அவருடைய விரிவுரை கேட்ட பிறகுதான் இந்தத் துறைக்கே நான் மாறினேன்.

ஒரு வருடம், கோடை உச்சத்தில், நியூ சவுத் வேல்ஸின் மேற்கே ஒரு காய்ந்த ஏரிக்குப் போனோம். ஏன் கோடையில் என்று கேட்கிறீர்களா? ஆய்வு நிதி முடிகிற மாதம் எதுவோ, எங்கள் தொழிலில் அதுதான் நல்ல காலநிலை. போனது மூன்று பேர். பேராசிரியர், நான், பிறகு ஆரணி. ஆரணி சிட்னியிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை, முப்பது தாண்டியவள், மணல் எப்போது கடைசியாக வெயில் பார்த்தது என்று கணித்து அதன் வயதைச் சொல்வதில் கெட்டிக்காரி. மூன்று தமிழர் ஒரே வண்டியில் என்றால் மூன்று அபிப்பிராயம் என்று நினைப்பீர்கள். எங்களிடம் ஐந்தாறு இருந்தன.

தங்கியது ஒரு ஆட்டுப் பண்ணையில், ஆட்டு ரோமம் வெட்டுபவர்கள் வந்தால் படுக்கும் தகரக் கட்டடத்தில். பண்ணைக்காரி ஜூடி. அறுபது வயதிருக்கும், பேச்சு குறைவு, நாய் மூன்று. காலையில் வெளிக்கிடும் முன் நான் அவளுடைய குசினி வாசலில் போய் நின்று, இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறோம், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன். எங்களுடைய யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒருவரும் "போறன்" என்று சொல்லி வெளியே போவதில்லை, "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாவிட்டால் எனக்குப் படி இறங்கக் கால் வராது. ஜூடிக்குத் தமிழ் தெரியாததால் ஆங்கிலத்தில் சொன்னேன். அவளும் சமையல் மேசையைத் துடைத்தபடி "ரைட்டோ" என்பாள்.

பேராசிரியருக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன மேடம், மாமியார்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சா?" என்று தினமும் கேட்பார். அவரிடம் பல்கலைக்கழகம் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்று இருந்தது. வெகு நேர்த்தியான திட்டம், சிட்னியில் அவருடைய அலுவலக அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அன்று காலை அரை நாள் வேலைதான் என்றார். மண் எடுக்கும் குழாய்களுக்கு இடம் போதவில்லை என்று தண்ணீர்க் கலனை இறக்கிவைத்தார். "மத்தியானம் திரும்பிடுவோம் மேடம், ஆளுக்கு ரெண்டு பாட்டில் போதும்." கைபேசி வேலை செய்யாத இடத்துக்கென்று கொடுத்த செய்மதித் தொலைபேசி கட்டடத்தில் சார்ஜில் கிடந்தது, அதை எடுக்க அவர் மறந்தார். அந்த விஷயத்தில் நானும் ஆரணியும் அவரை நம்பினோம், பேராசிரியர் ஒருவர் தொலைபேசியை மறப்பார் என்று யார் கண்டது?

ஏரி வெள்ளையாக, தட்டையாக, சீமெந்து போட்டது போலக் கிடந்தது. இந்தக் கரையில் கொஞ்சம் எடுத்துவிட்டோம், எங்களுக்கு முக்கியமாக வேண்டிய மண் மறுகரையில்தான். கரையைச் சுற்றிப் போனால் நேரம் எடுக்கும். ஆரணி இறங்கி இரும்புக் கம்பியை ஊன்றிப் பார்த்தாள்.

"புரொஃப், மேல மட்டும்தான் ஹார்டா இருக்கு. கீழ முழுக்க சொஃப்ட். வீ ஷுட் கோ ரவுண்ட்."

"மேல ரெண்டு இன்ச் உப்பு இருந்தா வண்டி தாங்கும்மா. நான் எத்தனை ஏரி பாத்திருக்கேன்."

கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு சில்லுக்குக் கீழே உப்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. பின்னுக்கு எடுங்கோ, வந்த தடத்திலேயே போகலாம் என்று நான் சொன்னேன். "பாதி தாண்டிட்டோம் மேடம், இப்பப் போய் பின்னாடி எடுத்தா நல்லாருக்காது" என்று இன்னும் மிதித்தார். யாருக்கு நல்லாயிருக்காது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நிமிடம் வண்டி வயிறுவரை இறங்கி நின்றது. ஏரி மண்ணைப் பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்த மூன்று பேர் ஏரி மண்ணில் புதைந்து நின்றோம். பலகை வைத்தோம், தோண்டினோம், தள்ளினோம். தோண்டத் தோண்ட வண்டி இன்னும் சொகுசாக இறங்கியது. அந்தக் கூத்திலேயே தண்ணீரில் பெரும் பகுதியைக் குடித்து முடித்துவிட்டோம்.

வெயில் தலைக்கு நேரே வந்துவிட்டது. பண்ணைக் கட்டடத்துக்கு நடப்பது நினைத்தும் பார்க்க முடியாத தூரம். செய்ய வேண்டியது எங்கள் மூவருக்கும் தெரியும், உங்களுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். வண்டியை விட்டு நகரக் கூடாது. நிழல் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். நான் தார்ப்பாயை எடுத்து வண்டிக் கதவில் கட்டத் தொடங்கினேன்.

பேராசிரியர் அப்போது தன் டாப்லெட்டை எடுத்தார்.

அதில் இருந்த படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஏரி எதுவரை நிறைந்திருந்தது, ஊற்று எங்கே பொங்கியது, ஓடை எப்படி ஓடியது என்று பல வருடம் உழைத்து நாங்களே ஆக்கிய வரைபடம் அது. பழைய தண்ணீர் எல்லாம் நீல நிறம். அதைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்கு வயது போனது. எங்களைப் பொறுத்தவரை அந்த நிலம் எப்போதும் ஈரமாகத்தான் இருந்தது, மேலே வெள்ளையாகத் தெரிவது ஏதோ இடையில் வந்த தற்காலிகக் கோளாறு. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வரக்கூடிய வியாதி இது. வேறு எவருக்காவது வந்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்.

"இங்க பாருங்க, நாலஞ்சு கிலோமீட்டர்ல ஊத்து இருக்கு," என்று விரலால் தொட்டுக் காட்டினார். வடக்கே ஒரு நீலப் பொட்டு.

நான் எட்டிப் பார்த்தேன். "அது இருந்தது, புரொஃபெசர். இப்ப இல்லை. அந்தப் பொட்டை வைச்சதே நான்தான். வத்திப் பல்லாயிரம் வருசம்."

"மேல வத்தியிருக்கும். கீழ கசிவு இருக்கும். மிருகங்க தோண்டிக் குடிச்சிருக்கும். நம்ம ஆளுங்க எப்படிப் பொழைச்சாங்கன்னு நினைக்கிறீங்க?"

"தெரிஞ்ச இடத்துக்குப் போய்ப் பிழைச்சவை. நீங்கள்தானே எழுதினனீங்கள்?"

அதை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் இருந்தாலும் அவர் போயிருப்பார். வண்டியைப் புதைத்தவர் அவர், தொலைபேசியை மறந்தவர் அவர், தண்ணீரை இறக்கிவைத்தவர் அவர். இதற்கெல்லாம் ஈடாக ஒரு தண்ணீர் கண்டுபிடித்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிற்க வேண்டும் அவருக்கு. முகம் சிவந்து, தோள் நிமிர்ந்து, அச்சு அசலாகப் பரமட்டாக் கூட்டத்தில் நான் பார்த்த அந்தப் படம் போலவே இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. போய் பாத்துட்டு வர்றேன்." தன்னுடைய போத்தலில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் காலையில் தேநீரோடு இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். உடம்பிலிருந்து நீரை வெளியே தள்ளுகிற மாத்திரை. அந்த வெயிலில் அந்த உடம்போடு நடந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளப் பேராசிரியராக இருக்கத் தேவையில்லை. அவரைக் கூப்பிட்டேன். கெஞ்சினேன். ஒருமுறை கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தேன், சென்னைக்காரருக்கு எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தை விளங்கவில்லை போலும்.

அவர் உருவம் சின்னதாகி, கானல் நீரில் கால் இல்லாமல் மிதக்கத் தொடங்கியபோது ஆரணி எழுந்தாள். தொப்பியைப் போட்டாள்.

"எங்க வெளிக்கிடுறாய்?"

"ஹி இஸ் நொட் திங்கிங் ஸ்ட்ரெய்ட், அன்ரி. ஆரும் கூடப் போகவேணும். நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"நீ கூப்பிட்டா அவர் வருவாரே?"

"வராட்டி கூட நடப்பன். தனிய விடேலாது."

"இருக்கிற தண்ணியப் பார். நீ போனா அரைவாசி உன்னோட போகும். பிறகு பின்னேரம் ஜூடி வந்தா மூண்டு இடத்தில தேடவேணும். இரு."

அவள் இருக்கவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நல்ல இறுக்கமாகவே பிடித்தேன், அடுத்த நாள் அந்த இடம் கன்றிப்போய் இருந்தது.

"அப்ப அவர் சாகட்டும் எண்டு விடச் சொல்லுறீங்களா, அன்ரி?"

"ஓம்," என்றேன். "செத்தா ஒராள்."

இந்தக் குழுவில் உற்சாகமூட்டும் வாசகங்கள் போடுவீர்களே, இதையும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். நான் தொழிலில் சொன்ன வார்த்தைகளில் மிகச் சரியானது அது. சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள அங்கே தண்ணீர் இல்லை. ஆரணி கையை உதறிவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள்.

உப்புப் பொருக்கை உடைத்தால் கீழே சேறு குளிர்ச்சியாக இருந்தது. அதை வழித்துக் கழுத்திலும் கையிலும் பூசிக்கொண்டோம். பொருக்கு வெடித்த இடங்களில் போதாமல் போனபோது, காலையில் கரையோரத்தில் எடுத்து மூடிவைத்திருந்த குழாய்களில் ஒன்றையும் திறந்து கொட்டினோம். பல மாத விண்ணப்பம், பல பேரின் கையெழுத்து, எல்லாம் என் கழுத்தில் வழிந்தது. ஆய்வு மண்ணால் மனித குலத்துக்கு நேரடியாக ஒரு பயன் கிடைத்ததை என் வாழ்நாளில் நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

மற்றபடி ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு கணமும் எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். அவர் எங்கேயாவது விழுந்து கிடப்பார், வாய் உலர்ந்து கூப்பிடுவார், நான் இங்கே நிழலில் படுத்திருக்கிறேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவருடைய மனைவிக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே நின்றது. அழுகை வந்தது, கண்ணீரையும் வீணாக்கக் கூடாது என்று அடக்கினேன். அது விஞ்ஞான ரீதியாக அர்த்தமில்லாத சிக்கனம் என்று எனக்குத் தெரியும்.

வெயில் சாயத் தொடங்கியதும் ஏரிக்கரையில் தூசி எழும்பியது. ஜூடியின் பழைய பிக்கப். நாங்கள் வந்துசேரவில்லை என்று இருட்டும்வரை காத்திருக்கவில்லை அவள். அரை நாள் வேலை என்று காலையில் நான் சொல்லியிருந்ததால் மத்தியானமே எங்கள் தகரக் கட்டடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள், தண்ணீர்க் கலன் வெளியே நிற்கிறது, தொலைபேசி மேசையில் கிடக்கிறது. பிறகு, கரையைச் சுற்றித்தான் போயிருப்போம் என்று முதலில் தென்கரைப் பாதையில் தேடிவிட்டு, இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். எங்களைப் போல உள்ளே ஓட்டாமல் கரையிலேயே நிறுத்திவிட்டு, தண்ணீரோடு நடந்து வந்தாள். எண்ணிப் பார்த்தாள்.

"அவர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் வடக்கே கையைக் காட்டினேன். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள். தண்ணீர் இருந்தது, பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் என்றேன். ஜூடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். படித்தவர்களைப் பற்றி அவள் வைத்திருந்த அபிப்பிராயம் அந்தப் பார்வையில் முழுமையாக இருந்தது, அதில் நானும் அடக்கம்.

உப்பில் காலடி நன்றாகப் பதிந்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மூவரும் தடத்தோடு நடந்தோம். போன தடம் நேராக இருந்தது, பிறகு வளைந்தது, பிறகு தள்ளாடியது. ஒரு இடத்தில் நின்று திரும்பியிருந்தது. நான் முதலில் நம்பவில்லை. குனிந்து பார்த்தேன். ஆம், பாத நுனி எங்களை நோக்கி இருந்தது. பேராசிரியர் திரும்பி நடந்திருக்கிறார்.

திரும்பிய தடம் ஒதுங்கிப்போன கரையோரத்தில் ஒரு குட்டைப் புதரின் நிழலுக்குள் தலையை மட்டும் செருகிக்கொண்டு கிடந்தார். உயிர் இருந்தது. உதடு வெடித்திருந்தது, கண் எங்கேயோ இருந்தது. புதருக்கு விரிவுரை நடத்திக்கொண்டிருந்தார். "நெக்ஸ்ட் ஸ்லைட்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நெக்ஸ்ட் ஸ்லைட் ப்ளீஸ்." ஆரணி பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத் துணியைக் கழுத்தில் வைத்து, துளித்துளியாகத் தண்ணீர் கொடுத்தாள். அவள் அழுததை நான் பார்த்தேன், அவள் பார்க்காத பக்கம் திரும்பி நானும் அழுதேன்.

ஜூடியின் வண்டியில் இருந்த வானொலியில் கூப்பிட, தூரத்துப் பண்ணைகளுக்கு விமானத்தில் வரும் பறக்கும் வைத்தியர்கள் வந்தார்கள். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் நடந்திருந்தால் தங்களைக் கூப்பிட்டிருக்கத் தேவையில்லை என்று தாதி சொன்னாள். நாகரிகமாகத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து நகரத்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சிறுநீரகம் தப்பிவிட்டது. கையில் ஊசி, தலைமாட்டில் தண்ணீர்க் குவளை. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, மண் குழாய்கள் பத்திரமா என்பது. ஒன்றை நாங்கள் பூசிக்கொண்டோம் என்றேன். "எந்தக் குழாய்?" என்றார். நல்ல மண் இருந்த குழாயைத்தான் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். ஆள் தேறிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் எழும்ப இருந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன் மேடம். யாராவது பின்னாடி வருவீங்கன்னு."

"ஆரணி வர வெளிக்கிட்டவ. நான்தான் மறிச்சனான்."

"ஆமா. அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

இனி வரப்போவதை வாங்கிக்கொள்ள நான் ஆயத்தமாக இருந்தேன். பதிலும் வைத்திருந்தேன். வண்டி, தண்ணீர், மாத்திரை என்று வரிசையாக, கொஞ்சம் காரமாகவே. அவர் அதற்கு இடம் தரவில்லை.

"பாதியிலயே தெரிஞ்சு போச்சு, அங்க ஒண்ணும் இல்லேன்னு. முட்டாள்தனம்னு தெரிஞ்சுது. ஆனாலும் நடந்தேன். யாராவது பின்னாடி வந்துட்டா, அவங்க முன்னாடி எப்படித் திரும்புறது? அதனால நடந்தேன். கடைசியா ஒரு தடவை பாத்தேன். ஒருத்தரும் இல்ல. சரி, யாரும் பாக்கலைன்னு திரும்பிட்டேன்." குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "யாராச்சும் வந்திருந்தா நான் அந்த ஊத்து வரைக்கும் போயிருப்பேன், மேடம். கூட வந்தவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

போர்வையை இழுத்துவிட்டேன். சூடான சாப்பாடு ஏதாவது கொண்டுவரவா என்று கேட்டேன். ரசம் கிடைத்தால் நல்லது என்றார். ஆட்டுப் பண்ணைப் பக்கத்தில் ரசத்துக்கு எங்கே போவேன், இருந்தாலும் சரி என்றேன்.

அவர் அதற்குப் பிறகும் பல கட்டுரை எழுதினார். மூதாதையரின் வியர்வைச் சுரப்பி, நீண்ட கால், குறைந்த ரோமம், தெரிந்த நீரிடத்துக்குத் திரும்பி வருவது எல்லாவற்றையும் எழுதினார். எல்லாம் சரிதான், படியுங்கள், பரீட்சைக்கு வரும். கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னதை மட்டும் எங்கும் எழுதவில்லை. மேற்கோள் காட்ட முடியாது, ஒப்பிட்டுப் பார்க்க எலும்பும் கிடைக்காது. ஆனால் பத்து இலட்சம் வருடமாக ஆபிரிக்காவின் அந்தக் காய்ந்த நிலங்களில் ஆட்கள் தப்பினார்கள் என்றால், பாதி வழியில் "இல்லை, திரும்புவம்" என்று ஒருவர் சொன்னபோது மற்றவர்கள் அவரைப் பகிடி பண்ணிச் சிரிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் ஆட்களிடம் அந்தக் குணம் எப்போது காணாமல் போனது என்று கண்டுபிடித்தால் நீங்கள் பெரிய ஆளாகலாம். நான் என்னவோ, பட்டமளிப்பு விழாக்கள் தொடங்கிய பிறகுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோடையில் உங்களில் சிலர் வெளிக்களத்துக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தைரியமாக இருங்கள் என்று சொல்ல உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் குளிரூட்டிய அறையிலிருந்து நன்றாகச் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. உங்களோடு வந்த ஒருவர் தன் சொல்லிலேயே நின்று, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய், பாதியில் தலையைத் தொங்கப் போட்டபடி திரும்பி வந்தால், அந்த நேரத்தில் ஒரு சிரிப்பு வரும், ஒரு நல்ல பகிடியும் நாக்கில் வந்து நிற்கும். எனக்கும் வரும், என்னைவிட நல்லதாக யாருக்கும் வராது. அதை விழுங்கிவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.